மலையிறக்கத்தில் ஹைபிரிட் காரின் எஞ்சின் பிறேக்: பற்றரி நிறைந்த பிறகு என்ன செய்வது?

களுவாஞ்சிகுடி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு உற்பத்தியான ரொயோட்டா அக்வா கார் ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதைக் கல்முனை, மட்டக்களப்பு, அம்பாறை என்று சமதரை வீதிகளில் மட்டுமே ஓட்டி வந்திருக்கிறேன். சென்ற பாடசாலை விடுமுறையில்தான் முதன்முறையாக மலைநாட்டுக்கு எடுத்துச் சென்றேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார் ஆகியோருடன் நுவரெலியாவில் இரண்டு நாட்கள் தங்கி, திரும்பும்போது சீதா எலியவில் சீதையம்மனைக் கும்பிட்டுவிட்டு, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு வந்து சேர்ந்தோம்.

கோயிலைத் தாண்டி ஹக்கலை இறக்கத்தில் சில கிலோமீற்றர் வந்திருப்போம். திரையில் பற்றரியின் கட்டங்கள் எட்டும் நிறைந்துவிட்டன. அப்போது நான் அக்சிலேற்றரில் கால் வைக்காமலேயே, ஏற்றத்தில் ஏறும் வண்டியைப் போல எஞ்சின் உரத்து இரையத் தொடங்கியது. இந்தக் காரில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. எஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் பிறகு சற்றுத் தூரம் நியூட்ரலில் விட்டு, பிறேக்கை மட்டும் அழுத்தியபடி இறங்கினேன். கெப்பெட்டிபொலவை நெருங்கும் முன்பே கருகும் மணம் காருக்குள் வந்தது. அதைவிட என்னை அச்சப்படுத்தியது, பிறேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகவும் மென்மையாகவும் உள்ளே போனதுதான். ஒரு தேநீர்க் கடை அருகில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, மிதி மீண்டும் இறுகிய பிறகே புறப்பட்டோம். பின் இருக்கையில் தாயாரும் பிள்ளைகளும் இருந்த நிலையில் அந்த மிதி உள்ளே போன கணம் இன்னமும் என் நினைவை விட்டு அகலவில்லை.

கியர்த் தண்டில் டி (D) எழுத்துக்குக் கீழே பி (B) என்றொரு நிலை உண்டு. காரை எனக்கு விற்றவர், அதைத் தொட வேண்டாம், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும் என்று சொல்லியிருந்தார். அந்த பி நிலை உண்மையில் எதற்கானது? எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுழல்வது அதற்குக் கேடு விளைவிக்காதா? இறக்கம் முழுவதும் அதில் ஓட்டலாமா, அல்லது தேவைப்படும் இடத்தில் மட்டுமா? அடுத்த மாதம் பேராதனைக்குப் போய் மகியங்கனை வழியாகத் திரும்ப வேண்டியிருப்பதால், அனுபவம் உள்ளவர்களின் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.


கல்முனை கராச் எழுதியது:

வணக்கம் சேர். உங்கள் தாயாரும் பிள்ளைகளும் நலமாக வீடு வந்து சேர்ந்ததை அறிந்து ஆறுதல் அடைந்தேன். இது அக்வா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் எங்கள் கராச்சுக்கு அடிக்கடி கொண்டுவரும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் கேட்ட அந்த இரைச்சல் பழுதல்ல. கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை அது. இந்தக் கார்களில் பிறேக் மிதியை மெதுவாக அழுத்தும்போது, பெரும்பாலான நேரம் பிறேக் பாட், சக்கரத்தோடு சுழலும் தட்டை உரசுவதே இல்லை. சக்கரத்தோடு இணைந்த மின்மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறிக் காரின் வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குள் அனுப்புகிறது. சமதரையில் இது மிகச் சிறந்த ஏற்பாடு, ஏனென்றால் நாம் சேமிப்பதும் செலவழிப்பதும் மாறி மாறி நடக்கின்றன. நீண்ட இறக்கத்தில் செலவே இல்லாமல் வரவு மட்டுமே இருப்பதால் பற்றரி விரைவில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அதற்குள் மின்னை ஏற்றினால் பற்றரி கெட்டுப்போகும் என்பதால், கணினி அந்த மின்னை எடுத்து எஞ்சினோடு இணைந்த மற்ற மோட்டரைச் சுழற்றுகிறது. அந்த மோட்டர் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சினுக்குள் பெற்றோல் பாய்ச்சப்படுவதில்லை. அது வெறும் காற்றை இழுத்துத் தள்ளும் பம்பாக நின்று, வேண்டாத சக்தியை விழுங்குகிறது. நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான்.

பி நிலை என்பது இதே வேலையைப் பற்றரி நிறையும்வரை காத்திராமல் நாமாகவே தொடங்கி வைப்பது. கால் அக்சிலேற்றரை விட்டதும் மோட்டர் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். பற்றரிக்கும் ஒரு பங்கு போகும், எஞ்சினும் ஒரு பங்கை விழுங்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைக் கணினியே கட்டுப்படுத்துவதால், பாதுகாப்பான எல்லையை அது தாண்டாது. ஒயில் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதால் மசகு குறைவதும் இல்லை. எத்தனையோ எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். பி நிலையில் இறங்கியதால் தேய்ந்த எஞ்சின் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. பெற்றோல் கூடுதலாகச் செலவாகும் என்று உங்களிடம் சொன்னவர் சமதரையை நினைத்துச் சொல்லியிருப்பார். கல்முனை நகருக்குள் பி நிலையில் ஓட்டினால், பற்றரிக்குப் போக வேண்டிய சக்தி எஞ்சினில் வீணாகும், அது உண்மை. இறக்கத்தில் அந்தக் கணக்குப் பொருந்தாது.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. நியூட்ரலில் இறங்கியது மிக ஆபத்தான செயல், சேர். அந்த நிலையில் மோட்டர் மின் பிறப்பிப்பதும் நின்றுவிடும், எஞ்சினின் இழுப்பும் இல்லாமற் போகும். ஐந்து பேருடைய எடையும் நான்கு பிறேக்குகளின் மீது மட்டுமே விழும். டி நிலையிலும் இதற்கு நெருங்கிய ஒரு நிலைமை வரலாம் என்பதை ஹைபிரிட் ஓட்டுபவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. பற்றரி நிறையும்வரை மோட்டர் தாங்கிய வேலையின் பெரும் பங்கு, நிறைந்த பிறகு பாட்களின் மீது விழுகிறது. காலின் அழுத்தத்தில் நமக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பழைய மனுவல் வண்டிகளில் கியரைக் குறைத்தது கையால் செய்த வேலை என்பதால், எது காரைத் தடுக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. ஹைபிரிட்டில் அதைச் சொல்வது திரையில் உள்ள பற்றரிக் கட்டங்கள் மட்டுமே. இறக்கத்தில் அவற்றை வேகமானியைப் போலவே கவனிக்க வேண்டும்.

என் பரிந்துரை இது: இறக்கம் தொடங்கும்போது டி நிலையில் மெதுவாகப் பிறேக்கைத் தொட்டுத் தொட்டுப் பற்றரியை நிரப்புங்கள். கட்டங்கள் ஆறு ஏழு என்று ஏறியதும் பி நிலைக்கு மாறுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், காரை நிறுத்தத் தேவையில்லை.


மட்டக்களப்பு வான் சாரதி எழுதியது:

கராச் தம்பி சொன்ன விளக்கம் முழுவதும் சரி. கடைசிப் பரிந்துரையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்கிறேன். இப்போது வானோடு ஒரு பிரியஸும் வாடகைக்கு ஓடுகிறது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்ன விதி, எந்தக் கியரில் ஏற்றம் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது. ஹைபிரிட்டில் எண்ணிட்ட கியர்கள் இல்லாததால் அந்த விதிக்கு இணையானது பி நிலைதான் என்று நான் கொள்கிறேன். இறக்கத்தின் தலைப்பிலேயே, முதல் வளைவுக்கு முன்பே அதற்கு மாறிவிடுகிறேன். ஆசிரியரைப் போல மலையை முதன்முறையாகக் காணும் ஒருவருக்குக் கட்டங்களை எண்ணிக்கொண்டு, எதிரே வரும் பேருந்தையும் பார்த்துக்கொண்டு, நடுவில் எப்போது மாற்றுவது என்று யோசிப்பது அதிக சுமை. பசறைக்கும் லுணுகலைக்கும் இடையிலான ஒடுங்கிய பகுதிகளில் கண் வீதியை விட்டு ஒரு கணமும் விலகக் கூடாது. 2021 மார்ச்சில் அந்த வீதியின் பதின்மூன்றாம் கட்டைப் பகுதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை.

மேலும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். பி நிலையில் கார் மெதுவாகும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிவதில்லை. பின்னால் நெருங்கி வரும் லொறிக்காரருக்கு நாம் வேகம் குறைப்பது தெரியாது. ஆகவே வளைவுக்கு முன் பிறேக்கை ஒருமுறை மெதுவாகத் தொட்டு விளக்கை எரியவிடுவது நல்லது. ஹக்கலைப் பக்கம் மழையும் பனிமூட்டமும் இருக்கும் நாளில், நனைந்த வளைவின் நடுவில் பி நிலைக்கு மாற்றக் கூடாது. முன் சக்கரங்கள் திடீரென்று இழுபட்டு வழுக்க இடமுண்டு. நேரான இடத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பி நிலையில் இருந்தாலும் பிறேக் தேவைப்படும். அப்போது இறக்கம் முழுவதும் காலை மிதியில் தூங்கவிடாமல், வளைவுக்கு முன் தேவையான அளவுக்கு உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின்பு காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். இடையில் பாட்களுக்குக் காற்றுப் பட வேண்டும்.

கருகும் மணம் வந்தால் நிறுத்துவது சரி. ஆனால் சூடான தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு நெளிந்துவிடும். நிறுத்திய பின் பிறேக்கை அழுத்திப் பிடித்திருக்கவும் கூடாது. பி (B) நிலையை அல்லாமல், நிறுத்துவதற்கான பார்க் (P) பொத்தானையோ நிலையையோ பயன்படுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.


அக்கரைப்பற்று பௌதிக ஆசிரியை எழுதியது:

இரு தரப்பாரின் கருத்தையும் ஒரு சிறு கணக்கோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். இந்த விடயத்தில் எண்களைக் கண்டால் அச்சமும் நீங்கும், அவதானமும் வரும்.

ஐந்து பேரும் பொதிகளும் உள்ள அக்வாவின் மொத்த எடையை 1400 கிலோகிராம் என்று கொள்வோம். அது 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தி ஏறத்தாழ 1.37 மெகாஜூல், அதாவது 0.38 கிலோவாற்று மணி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் கரையோரம்வரை இறங்கும்போது வெளிவர வேண்டிய சக்தி, இடையிலுள்ள ஏற்றங்களைத் தவிர்த்தே பார்த்தாலும், ஏறத்தாழ 7 கிலோவாற்று மணி. முதல் தலைமுறை அக்வாவின் பற்றரி 144 வோல்ற்று, 6.5 அம்பியர் மணி கொண்டது. அதன் முழுக் கொள்ளளவே 0.94 கிலோவாற்று மணிதான். அதிலும் ஆயுள் குறையாமல் இருப்பதற்காக நடுப்பகுதியில் உள்ள பாதிக்கும் குறைவான அளவையே கணினி பயன்படுத்துகிறது.

உருளும் சக்கரத்தின் தடையும் காற்றின் தடையும் மாற்றத்தில் இழக்கப்படும் பங்கும் போக, பாதி நிறைந்த பற்றரி 150 அல்லது 200 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும் என்று கணிக்கலாம். செங்குத்தான வீதியில் அது இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரமே. ஆகவே, களுவாஞ்சிகுடி சேர் ஹக்கலை இறக்கத்தில் கண்டது முற்றிலும் எதிர்பார்க்கத்தக்கதே. தொடக்கத்தில் டி நிலையில் இறங்குவதால் கூடுதலாகச் சேமிக்கக்கூடியது ஒரு கிலோவாற்று மணியின் சிறு பின்னம்தான். அந்தச் சிறு இலாபத்துக்காகக் குழப்பமடைய வேண்டியதில்லை என்பதால், நீண்ட, பழக்கமில்லாத இறக்கத்தில் சாரதி அண்ணனின் முறையையே நான் ஏற்பேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அதே 100 மீற்றர் இறக்கத்தின் சக்தியில் 1 மெகாஜூல் மட்டும் பிறேக்குகளுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். 10 கிலோகிராம் வார்ப்பிரும்பை, குளிர்வதற்கு நேரமே கொடுக்காமல் சூடாக்கினால், அந்த ஒரு மெகாஜூல் அதன் வெப்பநிலையை 200 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்திவிடும். காற்று ஓரளவு வெப்பத்தைக் கொண்டுபோகும் என்றாலும், அடுத்த 100 மீற்றரும் அதற்கடுத்த 100 மீற்றரும் காத்திருக்கின்றன. மிதி உள்ளே போனதற்குக் காரணம் பிறேக் ஒயில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டானதாக இருக்கக்கூடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஆறியதும் மிதி மீண்டும் இறுகியதும் அதனோடு பொருந்துகிறது.


திருக்கோவில் வேகன் ஆர் எழுதியது:

இந்த உரையாடல் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. என்னிடம் இருப்பது சுசுக்கி வேகன் ஆர் ஹைபிரிட். எங்கள் பகுதியில் இந்த வாகனம் மிக அதிகம் என்பதால் கேட்கிறேன்: நாங்களும் இதே முறையைப் பின்பற்ற முடியுமா?


கல்முனை கராச் எழுதியது:

சகோதரரே, உங்கள் வாகனம் பெயரளவில் ஹைபிரிட் என்றாலும் அமைப்பு வேறு. அதிலுள்ள சிறிய மோட்டர் பெல்ட்டின் மூலம் எஞ்சினுக்கு உதவி செய்வது மட்டுமே. அதன் பற்றரியும் மிகச் சிறியது. இறக்கத்தில் மோட்டரின் இழுப்பை நம்பவே வேண்டாம். உங்கள் சக்கரங்கள் கியர்ப்பெட்டி வழியாக எஞ்சினோடு இணைந்திருப்பதால், சாதாரண தானியங்கிக் காரைப் போலவே டி நிலைக்குக் கீழே உள்ள குறைந்த கியர் நிலைக்கு மாற்றி, எஞ்சினின் நேரடி இழுப்பில் இறங்க வேண்டும். வேகம் அதிகமாக இருக்கும்போது மாற்றாமல், முதலில் பிறேக்கால் குறைத்துவிட்டு மாற்றுங்கள்.

ஆசிரியை அவர்களின் கணக்கைப் பார்த்த பிறகு என் பரிந்துரையைத் திருத்திக்கொள்கிறேன். பழக்கமில்லாத நீண்ட இறக்கத்தில் தலைப்பிலிருந்தே பி நிலை என்பதே சரி. டி நிலையில் தொடங்கும் முறை, அந்த வீதியை நன்கறிந்தவர்களுக்கு மட்டும் பொருந்தட்டும்.

சேர், பேராதனைக்குப் புறப்படும் முன் பிறேக் ஒயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 பாகைவரை இறங்கிவிடலாம். வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நம் ஊர்க்காற்றில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ரொயோட்டா ஹைபிரிட்டின் பிறேக் அமைப்பு மின்னணுவால் கட்டுப்படுத்தப்படுவதால், மிதியைப் பலமுறை அழுத்திக் காற்று எடுக்கும் பழைய முறை மட்டும் போதாது. ஸ்கேனர் இணைத்து அந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹைபிரிட்டில் பாட்கள் குறைவாகவே உரசுவதால் அவை பல ஆண்டுகள் தேயாமல் இருக்கின்றன. அதனால் உரிமையாளர்கள் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. கடற்கரையோரம் நிற்கும் கார்களில் அந்தப் பயன்படாத தட்டுகள் துருப்பிடித்து, பாட்களைத் தாங்கிப் பிடிக்கும் கலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகிப்போய்விடுகின்றன. இறுகிய ஊசி ஒரு பாட்டை மட்டும் தட்டோடு ஒட்டிப் பிடித்திருக்கும். சமதரையில் அது தெரியாது, இறக்கத்தில் முதலில் கருகுவது அதுவே. ஒயில் மாற்றும்போது நான்கு சக்கரங்களையும் கழற்றி இதைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் இருக்கைப் பகுதியில் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தையும் பையோ துணியோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரி சூடேறினால், நிறையாத நிலையிலும் கணினி அதற்குள் மின் செல்வதைக் குறைத்துவிடும்.


களுவாஞ்சிகுடி ஆசிரியர் எழுதியது:

பயணம் முடிந்து நேற்றிரவு வந்து சேர்ந்தேன். பதிலளித்த அனைவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி.

புறப்படும் முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, முன் இடது பக்கக் கலிப்பரின் கீழ் ஊசி முற்றாக இறுகியிருந்தது. அந்தப் பக்கத்தின் உட்புறப் பாட் மற்றதன் பாதித் தடிப்புக்குத் தேய்ந்து, ஓரத்தில் கருமை படிந்திருந்தது. பிறேக் ஒயில் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வெளியேறியது. காரை வாங்கிய பிறகு நான் அதை ஒருமுறைகூட மாற்றியதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும்போது ஹுன்னஸ்கிரியவைக் கடந்து, மகியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவுகளுக்கு முன்பே, நேரான இடத்தில் பி நிலைக்கு மாறினேன். ஏழாவது வளைவளவில் கட்டங்கள் எட்டும் நிறைந்தன. எஞ்சினின் இரைச்சல் மேலும் கூடியது. சென்ற முறை என்னை நடுங்கவைத்த அதே சத்தம் இம்முறை, எது காரைப் பிடித்திருக்கிறது என்பதை எனக்கு அறிவித்துக்கொண்டே வந்தது. பெரும்பாலும் மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினோம்; வளைவுகளுக்கு முன் மட்டுமே பிறேக்கைத் தொட்டேன். ஹசலகவில் நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, தட்டுகளில் மிதமான சூடே இருந்தது, மணம் எதுவும் இல்லை. மகியங்கனையிலிருந்து டி நிலைக்கு மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு சிறிது தூரம்வரை அந்த நிறைந்த பற்றரி எஞ்சினை அடிக்கடி ஓயவைத்தது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. இறங்கும்போது குளிரூட்டியை இயக்கி வைத்தால் பற்றரியில் சிறிதளவு இடம் உண்டாகுமா?


அக்கரைப்பற்று பௌதிக ஆசிரியை எழுதியது:

உண்டாகும், சேர். அக்வாவின் குளிரூட்டி மின்சாரத்தால் இயங்குவதால் அது பற்றரியிலிருந்தே சக்தியை எடுக்கிறது. ஆனால் இறக்கத்தில் வரும் வரவோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. பற்றரி நிறைவதைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, பி நிலையின் தேவையை நீக்காது. பனிமூட்டத்தில் முன்கண்ணாடி தெளிவாக இருக்கும் என்பதற்காகவாவது அதை இயக்கி வையுங்கள்.